பேசாமல் வளர்க்க வேண்டிய குஞ்சு

முப்பிடாதியம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. தாராவியில் அவள் குடியிருக்கும் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோனால் குழாயைத் திட்டுவாள். பால் பொங்கினால் பாலை அதட்டுவாள். பஸ்ஸில் காலை மிதித்தவளோடு சயானில் சண்டைக்குப் போனால், செம்பூரில் இறங்குவதற்குள் அவள் மகளுக்கு வரன் பார்த்துச் சொல்கிற அளவுக்குச் சிநேகமாகியிருப்பாள். அப்பேர்ப்பட்டவளைப் பிடித்து வாயே திறக்கக் கூடாத வேலையில் போட்டார்கள் என்றால், போட்டவர்களை என்னவென்று சொல்வது?

செம்பூரில் மாஹுல் போகிற ரோட்டில் ஒரு டிரஸ்ட் நடத்தும் பறவைப் பூங்கா இருக்கிறது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பக்கம். முன்பக்கம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு. கிளி, ஆந்தை, மாஞ்சா நூலில் சிறகு அறுந்த பருந்து, எல்லாம் வரிசையாகக் கூண்டில் இருக்கும். பின்பக்கத்துக்குப் பூட்டுப் போட்ட இரும்புக் கதவு. அங்கே அழிந்துபோய்க்கொண்டிருக்கும் பறவைகளைக் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, காட்டில் கொண்டுபோய் விடுகிற வேலை நடக்கிறது.

முப்பிடாதி முதலில் முன்பக்கம்தான் இருந்தாள். கூண்டு கழுவுகிற வேலை. அங்கே பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை ஒன்று உண்டு. யாரோ சின்னதில் வீட்டில் வளர்த்து, பெரிதானதும் சத்தம் தாங்காமல் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனது. காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் ஒரே கம்பியில் அலகைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கம்பி மட்டும் பெயின்ட் போய்ப் பளபளவென்று மின்னும். பார்க்கிறவர்கள், "டான்ஸ் ஆடுது பாரு" என்று செல்போனில் படம் பிடிப்பார்கள். "டான்ஸாம்லா, கிறுக்குப் புடிச்சு ஆடுதுடி அது" என்று முப்பிடாதி முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரை அடித்துக் கழுவுவாள்.

அவள் பின்பக்கம் போனது ஒரு முட்டையால்.

அந்த முட்டையை இட்ட பறவைக்குப் புத்தகத்தில் வெண்முதுகுப் பாறு என்று பேர் போட்டிருக்கும். தாராவித் தமிழில் பிணந்தின்னிக் கழுகு. மாட்டுக்குப் போட்ட வலி ஊசி மருந்து, செத்த மாட்டின் கறி வழியாக இவற்றின் வயிற்றுக்குப் போய் இனத்தையே வாரிக்கொண்டு போய்விட்டது. பின்பக்கத்தில் ஒரு கிழட்டு ஜோடி இருந்தது. பெட்டை வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அந்த வருஷம் இட்டதை அடைகாக்காமல் ஒதுங்கிப் போய் உட்கார்ந்துவிட்டது. முட்டையை எடுத்து இயந்திரத்தில் வைத்தார்கள். குஞ்சு பொரித்தது. அதை வளர்க்க ஆள் வேண்டும். அருவருப்புப் படாமல், லீவு போடாமல், பொறுமையாகக் கறி ஊட்ட முப்பிடாதியை விட்டால் ஆள் இல்லை என்று பூங்காவே சொன்னது. பின்பக்கத்துக்குப் பொறுப்பு டாக்டர் ஹரிதா. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். முப்பது வயது தாண்டிய பெண், பறவை என்றால் உயிர். முப்பிடாதியை மராத்தி வழக்கப்படி மாவ்ஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவாள்.

"மாவ்ஷி, நன்னா கேட்டுக்கோங்கோ. உள்ள போனா தலையோட காலு வெள்ளைத் துணியைப் போத்திக்கணும். கையில பாறு தலை மாதிரி ஒரு உறை. அது வழியாத்தான் கறி குடுக்கணும். ஒரு வார்த்தை பேசப்படாது. தும்மல் வந்தாக்கூட வெளியில வந்து தும்முங்கோ."

"என்ன மேடம் இது, நேத்து பொறந்த குஞ்சு. அதுக்கு என்ன தெரியப்போவுது?"

"அதுக்குத்தான் எல்லாம் தெரியும். இப்போ யார் மூஞ்சியைப் பாக்கறதோ, யார் குரலைக் கேக்கறதோ, அவாதான் தன் கூட்டம்னு மனசுல பதிஞ்சுடும். அப்புறம் அழிக்கவே முடியாது. பெரிசானதும் மனுஷாளைத் தேடிண்டு ஊருக்குள்ள வரும். அப்படி வந்துடுத்துன்னா பிடிச்சு முன்பக்கம்தான். சாகற வரைக்கும்."

முப்பிடாதிக்கு இருவாச்சியின் கம்பி ஞாபகம் வந்தது. "அப்போ நாம அதுக்கு யாரு மேடம்?"

"யாருமே இல்லை. நாம அதுக்கு யாருமே இல்லாம இருக்கறதுதான் நாம பண்ற உபகாரம்."

படித்தவர்கள் எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள் என்று முப்பிடாதி நினைத்துக்கொண்டாள். செய்து பார்த்தால் அல்லவா தெரியும்.

கை உறையைத் தைத்தது அவள் புருஷன் பேச்சிராஜா. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் அவருக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உறை வருவதற்குள் குஞ்சு வளர்ந்துவிடும்போல் இருந்தது. பேச்சிராஜா போட்டோவைப் பார்த்து, மிச்சம் விழுந்த தோலில், வளைந்த அலகும் கண்ணுக்குக் கறுப்பு பட்டனுமாகத் தைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது சும்மா கொடுப்பாரா?

"ஏட்டி, ஊரு ஒலகத்துல புள்ளைக்கு ஆயா வேல பாப்பாவ. நீ கழுகுக்கு ஆயா. அதும் ஊமை ஆயா. ஒரு நாளு வாய மூடிட்டு இருந்துருவியா நீ?"

"இருப்பேன், பாத்துக்கிடுங்க."

இருந்தாள். சத்தியமாக இருந்தாள். வெள்ளைத் துணிக்குள் வேர்த்து ஒழுக, உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, தோல் அலகின் நுனியில் பொடிப்பொடியாக நறுக்கிய கறியை நீட்டினாள். உள்ளங்கை அகலத்துக்குப் பஞ்சு உருண்டையாகக் கிடந்த குஞ்சு, தலையில் பேருக்குக் கொஞ்சம் மயிரோடு, கழுத்து நிற்காமல் ஆடிக்கொண்டே வாயைத் திறந்தது. வெளியே வந்ததும் துணியை உருவிப் போட்டுவிட்டு, அடக்கி வைத்ததையெல்லாம் சுவரிடமும் துடைப்பத்திடமும் பேசித் தீர்த்தாள்.

அப்புறம் குஞ்சு தின்னாமல் போனது.

என்ன காரணமென்று தெரியவில்லை. மருந்து கொடுத்தார்கள், விளக்கின் சூட்டைக் கூட்டினார்கள். ஹரிதா கண் சிவந்து, சாப்பிடாமல் அலைந்தாள். தோல் அலகு கறியை வாயோரம் வைத்தால் குஞ்சு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடுத்த நாள் திருப்பக்கூடத் தெம்பில்லை. தலை தரையில் விழுந்து கிடந்தது.

முப்பிடாதி பிறந்த ஊர்ப் பக்கத்திலும் சரி, தாராவியிலும் சரி, ஒரு ஜீவனுக்குச் சோறு வைத்தால் கூப்பிடாமல் வைக்க மாட்டார்கள். காக்கைக்கு ஓட்டின் மேல் ஒரு பிடி வைத்தாலும் "கா, கா" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் தட்டில் கை வைப்பாள் அவள். கூப்பிடாமல் வைத்த சோறு தூக்கிப் போட்ட சோறுதான். வா என்று ஒரு சொல் சொல்லாமல் எந்தப் பிள்ளை சாப்பிடும்? அறையில் கேமரா இருந்தது. ஆனால் அதற்குக் கண் உண்டே தவிரக் காது கிடையாது. அது அவளுக்குத் தெரியும்.

துணிக்குள் குனிந்து, மூச்சு விடுகிற சத்தத்தில் சொன்னாள்.

"ஏலே மொட்டையா, ஒரு வாய் தின்னுலே. எந்தங்கம்லா."

குஞ்சு கண்ணைத் திறந்தது. தலையைத் தூக்கிச் சத்தம் வந்த பக்கம் பார்த்தது. தோல் அலகைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால், துணி மறைத்திருந்த அவள் முகம் இருக்கும் இடத்தைப் பார்த்தது. அப்புறம் வாயைத் திறந்தது.

முந்தின நாள் கொடுத்த மருந்து அப்போதுதான் வேலை செய்ததோ, அவள் குரல்தான் வேலை செய்ததோ, யார் கண்டது? முப்பிடாதியைக் கேட்டால் குரல்தான் என்று கற்பூரம் அடித்துச் சொல்லியிருப்பாள். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. ஹரிதா கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தவளுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வாயாடிக்கு வராத ஒரே வார்த்தை அதுதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் துணிக்குள் அந்த ஒரு சொல் இருந்தது. "மொட்டையா, வாலே." நாலு சொல் பேசுகிற இடத்தில் ஒரு சொல்தானே, அதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தாள்.

மொட்டையன் வளர்ந்தான். பஞ்சு உதிர்ந்து கறுப்புச் சிறகு வந்தது. பறந்து பழகுகிற பெரிய கூண்டில், அந்தக் கிழட்டு ஜோடியோடு விட்டார்கள். அவற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான், அவற்றோடு இடித்துக்கொண்டு தின்றான். தன் இனம் தெரிந்துவிட்டது என்று ஹரிதா எழுதி வைத்தாள். முப்பிடாதிக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஒன்றை மட்டும் அவள் கண்டும் காணாததுபோல் விட்டாள். கூண்டுக்கு வெளியே அவள் யாரோடாவது பேசிக்கொண்டு போனால், உச்சிக் கட்டையில் இருந்து ஒரு தலை மட்டும் அவள் போகிற பக்கமாகவே திரும்பிக்கொண்டு வரும்.

அடுத்த வருஷம் நாசிக்கைத் தாண்டி ஒரு மலையடிவாரத்தில் விட்டார்கள். முதுகில் சின்ன டிரான்ஸ்மிட்டர் கட்டியிருந்தது. அவன் போகிற இடமெல்லாம் ஹரிதாவின் செல்போனில் புள்ளியாகத் தெரியும். முப்பிடாதி தினமும் போய், "எங்கன இருக்கான் மேடம்?" என்று கேட்பாள். ஹரிதா விரலால் காட்டுவாள். மலையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, மறுபடியும் மலை. சந்து முழுக்க அதே பேச்சுதான்.

"கூண்டுல பொறந்தத மலையில கொண்டு விட்டா அதுக்குப் பொழைக்கத் தெரியுமாட்டி?" என்றார் பேச்சிராஜா.

"நாம மட்டும் பொழைக்கத் தெரிஞ்சா பம்பாய்க்கு வந்தோம்? வந்துதான பொழைச்சோம்."

"அது சரி" என்று சிரித்தார். அன்றைக்கே கடைக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

மைசூர்பாகு தீர்ந்து கொஞ்ச நாளில் புள்ளி நகராமல் நின்றது.

மலையில் இல்லை, ஒரு கிராமத்தில். பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் மொட்டையன் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தான். பெண்கள் பேசிக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் அவர்கள் பின்னாலேயே தத்தித் தத்திப் போனான். சமைக்கிற வீட்டு வாசலில் போய் நின்றான். பிணம் தின்கிற பறவை வாசலில் வந்து நின்றால் எந்த ஊரில் சும்மா இருப்பார்கள்? ஒரு வீட்டில் சாவு விழுந்தது. கிழவர் ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடந்தவர்தான், ஆனாலும் பழி மொட்டையன் தலையில். கல்லெறிந்தார்கள். ஒரு கால் நொண்டியது. அப்படியும் போகவில்லை. கல்லெறிந்தவர்கள் பக்கமே திரும்பி வந்தான்.

ஹரிதாவின் ஆட்கள் போய் வலை விரித்தார்கள், கறி வைத்தார்கள். அவன் வலைக்கு எட்டாத கூரையிலேயே இருந்தான். கடைசியில் ஹரிதா முப்பிடாதியிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க வாங்கோ. உங்களுக்கு அவன் நடை, பழக்கம் எல்லாம் தெரியும்." அவள் மாவ்ஷியை விட்டு அக்கா என்றது அன்றுதான்.

காரில் கசாரா மலை ஏறும்போது முப்பிடாதி கேட்டாள். "புடிச்சா எங்க மேடம் வைப்பிய?"

"முன்பக்கம். வேற வழி இல்லை."

"புடிக்கலேன்னா?"

"கல்லு, இல்லேன்னா கரண்ட் கம்பி. இந்த வாரத்துக்குள்ள."

"நம்ம பின்பக்கத்துலயே வச்சுக்கிடக் கூடாதா? அந்த ஜோடியோட?"

"மனுஷாளைப் பாத்து ஓடி வர்றதை அங்க வச்சா, அடுத்த குஞ்சும் அதைப் பாத்து வரும். முடியாதுக்கா." ஹரிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்கே தப்பு பண்ணினோம்னு யோசிச்சு யோசிச்சு எனக்கு மண்டை வெடிக்கறது. எல்லாம் சரியாத்தானே பண்ணினோம்."

முப்பிடாதி மடியில் இருந்த தோல் உறையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் போய்ச் சேரும் வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. டிரைவர்கூட அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

அங்கே உச்சி வெயில். பள்ளிக்கூடத்துக் கூரையில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில், மொட்டையன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். கீழே ஊர் கூடியிருந்தது. முப்பிடாதி வெள்ளைத் துணியைப் போர்த்தி, பேச்சிராஜா தைத்த அலகில் கறியைப் பிடித்து உயர்த்திக் காட்டினாள். அவன் அதைச் சட்டை செய்யவில்லை. கீழே பேசிக்கொண்டு நின்ற மனிதர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். யாரையோ தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரை என்றும் தெரிந்தது.

ஒரு சொல் போதும், இறங்கிவிடுவான். இறங்கினால் முன்பக்கம். இருவாச்சிக்குப் பக்கத்துக் கூண்டு காலியாகத்தான் இருக்கிறது. பேசாமல் இருந்தால்? அவளை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. பறந்து போனாலும் போவான், கம்பியில் அடிபட்டாலும் வெளியில் செத்தவன் என்ற பேராவது மிஞ்சும். பெற்றவளாக இருந்தால் எதைச் செய்வாள்? தாயே முப்பிடாதி, உன் பேரைத்தானே எனக்கு வைத்தார்கள், நீ சொல்லேன் என்று ஊர்க் கோயில் அம்மனைக் கேட்டாள்.

கூட்டத்தில் இருந்து ஒரு கல் பறந்து தகரத்தில் விழுந்தது. மொட்டையன் பதறிச் சிறகை விரித்துக் கம்பிகளின் பக்கம் எழும்பினான்.

முடிவு செய்து கூப்பிட்டாள் என்று சொல்ல முடியாது. அவள் வாய் சும்மா இருக்காது.

"ஏலே மொட்டையா!" தலையில் இருந்த துணி எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. "அங்ஙன போவாதலே! வாலே, இங்க வா!"

அவன் காற்றிலேயே திரும்பினான். அந்தப் பெரிய சிறகுகள் கூட்டத்தின் தலைக்கு மேல் நிழல் போட்டன. கல்லெறிந்தவர்கள் சிதறி ஓடினார்கள். அவன் தரையில் இறங்கி, நொண்டிக்கொண்டே நடந்து வந்து, மண்ணில் உட்கார்ந்துவிட்ட அவள் மடியில் தலையை வைத்தான். கழுத்தில் காய்ந்த ரத்தம் இருந்தது. முகத்தை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளும் துணிக்குப் பின்னால் இருந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முப்பிடாதி அவன் சிறகுகளை மடித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஹரிதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்போலேருந்து?" என்றாள்.

"தின்னாமக் கெடந்துச்சுல்லா மேடம். அன்னைலருந்து." முப்பிடாதி நிமிரவில்லை. "செத்துருமோன்னு பயந்துட்டேன். கூப்பிடாம சோறு குடுத்து எனக்குப் பழக்கமில்ல மேடம். என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்க."

ஹரிதா அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். "ஒத்தைக் குஞ்சை வளர்க்கவே கூடாதுக்கா. பக்கத்துல இன்னொண்ணு வேணும். அப்பத்தான் தன் இனத்தைப் பாத்து வளரும். எனக்கு அது தெரியும். அந்த வருஷம் ஒண்ணையாவது பறக்க விட்டுக் காட்டணும்னு எனக்கு அவசரம். அதோட அம்மாகிட்டயே இன்னொரு தரம் வச்சுப் பாத்திருக்கலாம். நான்தான் எடுத்துண்டு வந்துட்டேன்." அவன் நொண்டிக் காலைத் தொட்டுப் பார்த்தாள். "யாருமே இல்லாம இருக்கணும்னு உங்ககிட்ட சொன்னேன். அதுக்கு யாராவது வேணும்னு எனக்குத் தோணவே இல்லை."

திட்டியிருந்தால் முப்பிடாதிக்குத் தாங்கியிருக்கும். இது தாங்கவில்லை. அந்தக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மொட்டையன் அசையாமல் இருந்தான். அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதி மாதிரி எந்தப் பறவை முகத்திலும் அவள் பார்த்ததில்லை.

இப்போது பின்பக்கத்தில் அந்தக் கிழட்டு ஜோடி மறுபடியும் முட்டையிட்டிருக்கிறது. இந்தத் தடவை ஹரிதா முட்டையை எடுக்கவில்லை. பெட்டை உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறது. நடப்பது நடக்கட்டும் என்று தூரத்தில் நின்று பார்க்கிறாள். மொட்டையன் முன்பக்கத்தில், இருவாச்சிக்குப் பக்கத்துக் கூண்டில். முப்பிடாதியும், தானே கேட்டு, முன்பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

"இனிமே எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்க்கா" என்று ஹரிதா முதல் நாளே சொல்லிவிட்டாள். "இனி ஒண்ணும் கெட்டுப்போறதுக்கில்லை."

பேசலாம் என்று சொன்ன பிறகு அவளுக்குப் பேச்சு வரவில்லை. சந்தில்கூட இப்போது யாரோடும் சண்டை இல்லை. குழாயில் தண்ணீர் நின்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுகிறாள். "ஏட்டி, என்னையாவது ரெண்டு வார்த்த ஏசேன்" என்று பேச்சிராஜா கேட்டுப் பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவள் கூண்டைத் திறந்து உள்ளே போய்க் கறியை வைத்தாள். மாஹுல் பக்கத்து வானத்தில் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. மொட்டையன் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கறிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையைச் சாய்த்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றும் இப்படித்தான். அவள் பேசவில்லை, அவன் தின்னவில்லை. வைத்த கறி சாயந்திரம் வரைக்கும் அப்படியே இருந்தது.

"சாப்பிடவே மாட்டேங்குது, பாவம்" என்று வெளியே ஒரு பெண் ஹிந்தியில் சொன்னாள்.

முப்பிடாதி அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஏலே மொட்டையா" என்றாள். "ஒரு வாய் தின்னுலே. எந்தங்கம்லா."

அவன் குனிந்து தின்ன ஆரம்பித்தான். கூண்டுக்கு வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள்.